ரத்தத்தில் ஒளிரும் ஒரு பச்சைப் புள்ளி: அது புற்றுநோய்ச் செல்தானா என்று எப்படி அறிவது?

பெரம்பூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்து, இப்போது நாள்தோறும் ஒரு ஹார்மோன் மாத்திரையும் ஆண்டுக்கொரு மேமோகிராமுமாக நலமாக இருக்கிறார். சென்ற மாதம் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஒரு தனியார் ஆய்வகம் முகாம் நடத்தி, "நானோத் தொழில்நுட்பத்தால் ரத்தத்திலேயே புற்றுநோய்ச் செல்லைக் கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லி ரத்தம் எடுத்துச் சென்றது. பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் "சுற்றும் கட்டிச் செல்: 1. கண்டறியப்பட்டது" என்று இருந்தது. புற்றுக்கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் சுற்றும் செல் என்று அதற்குப் பொருளாம். பக்கத்திலேயே ஒரு படம். கறுப்புச் சதுரத்தின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி.

அன்று முதல் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தாளை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் எடுத்து, "இந்தப் புள்ளிதானாம்" என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார். அவருடைய மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்தப் புள்ளி எதனால் ஒளிர்கிறது, இதை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் எனக்குப் புரியும்படி சொல்ல வேண்டுகிறேன்.

ஆய்வகப் பணியாளர்:

சகோதரி, முதலில் ஒன்று. இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். மருத்துவரின் புறநோயாளிப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லி, இந்த அறிக்கையைக் காட்ட முன்கூட்டியே நேரம் கேளுங்கள். புள்ளியைப் பற்றி இங்கே பேசுவது எதுவும் அதற்கு ஈடாகாது.

நான் பதினெட்டு ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் சோதித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியை இயக்கி வருகிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: அறிக்கையில் பச்சைப் படம் மட்டும்தான் உள்ளதா, அதே இடத்தின் நீலப் படமும் இன்னொரு நிறத்தில் எடுத்த படமும் உள்ளனவா?

பெரம்பூர் ஆசிரியை:

பச்சைப் படம் மட்டும்தான் ஐயா. அதன் கீழே "நானோ ஒளிர்துகள் முறை" என்று ஒரு வரி இருக்கிறது. எத்தனை மில்லி ரத்தம், எப்போது எடுத்தது, எப்போது சோதித்தது என்ற விவரங்கள் இல்லை.

நானோ ஆய்வு மாணவர்:

அம்மா, நான் கிண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதே துறையில் முனைவர் பட்டத்துக்காக உழைக்கிறேன். எதனால் ஒளிர்கிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஒரு பொருள் அதிக ஆற்றல் கொண்ட ஒளியை, எடுத்துக்காட்டாக நீல ஒளியை, விழுங்கிக்கொண்டு உடனே அதைவிடக் குறைந்த ஆற்றல் கொண்ட பச்சையையோ சிவப்பையோ வெளிவிடுவதை உடனொளிர்தல் என்கிறோம். இதைச் செய்யும் சாயங்கள் நெடுங்காலமாக உண்டு. ஆனால் நுண்ணோக்கியின் விளக்கடியில் சில நிமிடங்களிலேயே அவை வெளுத்துப்போகும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நானோத் துகள்கள் அப்படி எளிதில் வெளுப்பதில்லை. கேட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியால் ஆன இவற்றின் விட்டம் 2 முதல் 6 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரே பொருளாக இருந்தாலும் சிறிய துகள் நீலமாகவும் பெரிய துகள் சிவப்பாகவும் ஒளிரும். அளவை மாற்றினால் நிறம் மாறும் என்ற இந்த உண்மையைக் கண்டறிந்து, அத்துகள்களைச் செய்யவும் வழி காட்டியதற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எக்கிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1998-இல் இவற்றை முதன்முதலாகச் செல்களில் பயன்படுத்தியபோது, அன்றைய சாயத்தைவிட ஏறத்தாழ 20 மடங்கு பிரகாசமாகவும் 100 மடங்கு நிலையாகவும் இருந்ததாக அளந்தார்கள்.

துகளுக்குப் புற்றுநோய்ச் செல்லைத் தெரியாது. தெரிந்துகொள்வது அதன்மேல் நாங்கள் ஒட்டும் ஆன்டிபாடிதான்; அது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு. மார்பகம், குடல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளின் கட்டிகள், உறுப்புகளின் பரப்புகளைப் போர்த்தியிருக்கும் மேல்தோல் வகைச் செல்களிலிருந்து தோன்றுகின்றன. அந்தச் செல்களின் மேற்பரப்பில் எப்கேம் என்ற புரதம் உண்டு. ரத்தத்தின் சொந்தச் செல்களில் பொதுவாக அது கிடையாது. எனவே எப்கேமைப் பற்றும் ஆன்டிபாடியைத் துகளில் கோத்து ரத்தத்தில் கலந்தால், துகள்கள் போய் ஒட்டிய செல் ஒளிரும். உங்கள் அக்காவின் அறிக்கையில் இருப்பது அநேகமாக இவ்வகை முறையாக இருக்கலாம். துகள்கள் கலக்கப்பட்டது குழாயில் எடுத்த ரத்தத்தில்தான். உடலுக்குள் எதுவும் செலுத்தப்படவில்லை. கேட்மியத்தின் நச்சைப் பற்றி இணையத்தில் படித்துக் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். அதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இது நம் ஊர்க் கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் சி. வி. ராமனின் வாழ்க்கையிலேயே நடந்தது. 1923-இல் கொல்கத்தாவில் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், தூய்மைப்படுத்திய திரவங்களின் வழியே ஒளியைச் செலுத்தியபோது, நிறம் மாறிய மங்கலான ஓர் ஒளியைக் கண்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அது வலுவில்லாமல் உடனொளிர்கிறது என்று அப்போது எண்ணினார்கள். மறுபடி மறுபடி தூய்மைப்படுத்தியும் அந்த ஒளி போகவில்லை. அது உடனொளிர்தலே அன்று, வேறொரு வகை ஒளிச்சிதறல் என்று ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல்தான் உறுதி செய்தார்கள். ஐந்தாண்டுகள் ஓர் ஒளியைத் தவறான பெயரிட்டு அழைத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். கண்ணுக்குத் தெரிந்த ஒளி எதிலிருந்து வந்தது என்று நிறுவுவது அவ்வளவு கடினமாக இருந்தது.

ரத்தத்திலும் அதே இடர்ப்பாடு உண்டு என்று நினைக்கிறேன். நீல ஒளி பட்டால் செல்களுக்குள் இயல்பாகவே உள்ள சில மூலக்கூறுகளும் பச்சையாக ஒளிருமே?

ஆய்வகப் பணியாளர்:

ஆம் ஐயா, ஒளிரும். நான் நீலப் படத்தைக் கேட்டதற்குக் காரணமும் அதுதான்.

உலகெங்கும் நன்கு சோதிக்கப்பட்ட முறை என்றால் 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்ற செல்சர்ச் முறையைச் சொல்ல வேண்டும். அதில் 7.5 மில்லி ரத்தத்திலிருந்து எப்கேம் உள்ள செல்களை நுண்ணிய காந்தத் துகள்களால் இழுத்தெடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் நம்பிவிடுவதில்லை. உட்கருவுக்கு நீலமாக ஒளிரும் ஒரு சாயம், மேல்தோல் செல்லுக்குள் இருக்கும் சைட்டோகெராட்டின் என்ற புரதத்துக்கு ஒரு சாயம், வெள்ளணுவின் அடையாளமான சிடி45-க்கு ஒரு சாயம் என்று மூன்று நிறம் ஏற்றுகிறார்கள். உட்கரு இருக்க வேண்டும், சைட்டோகெராட்டின் இருக்க வேண்டும், சிடி45 இருக்கவே கூடாது. மூன்றும் ஒத்துவந்தால்தான் அது சுற்றும் கட்டிச் செல். ஒரு நிறம் மட்டும் தெரிந்தால் அதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்.

இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று புரியும். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் என் கண்ணாடி வில்லையில் பளீரென்று ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுந்து போய் மூத்தவரை அழைத்துவந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வடிகட்டியை நீலத்துக்குத் திருப்பினார். அந்த இடம் வெறும் இருட்டாக இருந்தது, உட்கருவே இல்லை. ஆன்டிபாடி ஏற்றிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட கட்டி அது. இன்னொரு நாள் உட்கருவும் இருந்தது, ஆனால் சிடி45-உம் ஒளிர்ந்தது, அது வெள்ளணு. செத்துப்போன செல்களின் சவ்வு கிழிந்திருப்பதால் எந்த ஆன்டிபாடியும் அவற்றில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அவையும் பச்சையாகத்தான் தெரியும்.

ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்களும், நாற்பது லட்சம் முதல் ஒரு கோடிக்குச் சற்று மேல் வரை வெள்ளணுக்களும் இருக்கின்றன. நோய் பல உறுப்புகளுக்குப் பரவியவருக்கே அந்த ஒரு மில்லியில் கட்டிச் செல் ஒன்றிரண்டு இருந்தால் உண்டு. லட்சம் வெள்ளணுக்களில் ஒன்றை நாம் தவறாக எண்ணினாலும் ஒரு மில்லிக்கு நாற்பது முதல் நூறு பொய்ச் செல்கள் கணக்கில் வந்துவிடும். அதனால் துகள் எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பதைவிட, ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டாமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

செவிலியர்:

நான் ரத்தம் எடுக்கும் வேலையில் இருப்பவள். மேலே எழுதியவர்கள் குழாய் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு நடப்பதைச் சொன்னார்கள். அதற்கு முன் நடப்பதை நான் சொல்கிறேன்.

ஊசி தோலைத் துளைத்துத்தான் ரத்த நாளத்துக்குள் போகிறது. தோலும் மேல்தோல் செல்களால் ஆனதுதான். அதனால் இந்தப் பரிசோதனைக்கு முதலில் வரும் ரத்தத்தைப் பயன்படுத்தாமல் வேறொரு குழாயில் பிடித்துவிட்டு, இரண்டாவது குழாயைத்தான் அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆசிரியை அம்மா, அக்காவிடம் ஒரு குழாய் எடுத்தார்களா, இரண்டு எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது, என்ன குழாய் என்பது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற மருந்து உள்ள வழக்கமான ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். செல்களைக் கெடாமல் நிலைநிறுத்தும் மருந்து கலந்த தனிக் குழாய் இருக்கிறது. செல்சர்ச் முறைக்கான அந்தக் குழாயில் 96 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் அதையும் 15 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்கு இருசக்கர வண்டியின் பின்பெட்டியில் போகும் குழாய்க்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் செத்துப்போகும் செல்களைத்தான் மேலே ஐயா சொன்ன பச்சைப் புள்ளிகளாகப் பார்க்க நேரும்.

பெரம்பூர் ஆசிரியை:

அக்காவிடம் கேட்டேன். ஊதா மூடிக் குழாய், ஒன்றுதான். காலை ஏழரைக்கு எடுத்தார்கள். முகாம் பிற்பகல் ஒரு மணி வரை நடந்தது, அதுவரை குழாய்கள் அங்கேதான் மேசைமேல் இருந்தன என்கிறார்.

நானோ ஆய்வு மாணவர்:

இதைப் படித்து வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் இந்த இழையைப் படிப்பவர்கள் நானோத் துகள் முறையே வீண் என்று நினைத்துவிடக் கூடாது.

எப்கேமை மட்டும் நம்பும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டியிலிருந்து பிரிந்து பயணம் போகும் செல்களில் பல, தம் மேல்தோல் அடையாளங்களைக் களைந்துவிட்டு நகரும் இயல்புடைய செல்லாக மாறுகின்றன. அப்போது எப்கேம் குறைந்துவிடும். ஆபத்தான செல்லே நம் கண்ணில் படாமல் தப்பிவிடும். செல்சர்ச் முறையைச் சரிபார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், நோய் பரவிய 964 பேரிடம் எடுத்த 2,183 ரத்த மாதிரிகளில் 36 விழுக்காட்டில்தான் இரண்டோ அதற்கு மேலோ செல்கள் கிடைத்தன. நலமாக இருந்தோரும் புற்றல்லாத நோய் உடையோருமாக 344 பேரில் அப்படிக் கிடைத்தது ஒரே ஒருவருக்கு. அதாவது அந்த முறை பொய்யாகக் குற்றம் சாட்டுவது அரிது. ஆனால் உண்மையில் இருப்பதைத் தவறவிடுவது மிக அதிகம்.

இந்த இடத்தில்தான் நானோத் துகள்கள் உதவுகின்றன. குவாண்டம் புள்ளிகளின் நிறங்கள் குறுகலானவை என்பதால், ஒரே விளக்கில் நான்கைந்து அடையாளங்களை நான்கைந்து நிறங்களில் ஒன்றாகப் பார்க்கலாம். ஐயா கேட்ட இயல்பான ஒளிர்வுக்கும் ஒரு வழி உண்டு: இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த ஒருவகைத் துகள்களுக்கு 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கொடுத்தால் அவை பச்சையாக ஒளிர்கின்றன. குறைந்த ஆற்றலை வாங்கி அதிக ஆற்றலைத் தரும் இந்த வேலையைச் செல்லின் சொந்த மூலக்கூறுகள் செய்வதில்லை. எனவே பின்னணி இருட்டாகவே இருக்கும். தங்கத் துகளின் மேல் டிஎன்ஏ இழைகளை நட்டு, செல்லுக்குள் குறிப்பிட்ட ஆர்என்ஏ இருந்தால் மட்டும் ஒளி அவிழும்படி செய்த முறையும் இருக்கிறது. அதில் செல்லைக் கொல்லாமலே பார்க்க முடியும், பிறகு அதை வளர்த்து எந்த மருந்துக்கு மடிகிறது என்று சோதிக்கவும் முடியும் என்பதுதான் என்னைப் போன்றவர்களை இந்தத் துறையில் பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை, ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை நலமானவர்களின் ரத்தத்தில் நாங்களே கலந்துவிட்டு, அவற்றைத் திரும்பக் கண்டுபிடித்ததைத்தான் சொல்கின்றன. வளர்ப்புச் செல்களில் எப்கேம் ஏராளம். நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் செல் அப்படி இருக்காது. மேலும், புரதம் நிறைந்த ரத்தத்தில் துகளைப் போட்ட கணத்திலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் போர்வையாகப் படிந்து ஆன்டிபாடியை மூடிவிடும். அந்தப் போர்வையோடுதான் நான் மூன்றாண்டாகப் போராடிக்கொண்டிருக்கிறேன்.

வேளச்சேரி வாசகர்:

தவறினாலும் பரவாயில்லை, நலமாக இருப்பவர்கள் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொண்டால் நல்லதுதானே?

ஆய்வகப் பணியாளர்:

நல்லதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுவோர் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ நூறு பேர். நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கும், நலமானவர்களில் நூற்றுக்கு ஒருவரைத்தான் தவறாகப் பிடிக்கும் என்று ஒரு மிகச் சிறந்த பரிசோதனையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் 90 பேர் உண்மையாக அகப்படுவார்கள். கூடவே 999 பேர் பொய்யாக அகப்படுவார்கள். அந்த 999 வீடுகளிலும் ஆசிரியையின் அக்கா வீட்டில் நடப்பதுதான் நடக்கும். ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியாது, ஏனெனில் ரத்தத்தில் இருக்கும் செல் தன் ஊர்ப் பெயரைச் சொல்லாது.

எண்ணிக்கை உண்மையாகவே இருந்தாலும் அதை வைத்து என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. மார்பகப் புற்றுநோய் பரவிய 177 பேரிடம் செய்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், 7.5 மில்லியில் ஐந்தோ அதற்கு மேலோ செல் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்பது தெளிவாயிற்று. அப்படியானால் கீமோ தொடங்கிய பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களுக்கு மருந்தை உடனே மாற்றிப் பார்க்கலாமே என்று அமெரிக்காவில் 123 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மாற்றியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. 2014-இல் முடிவு வெளியானது.

நானோ ஆய்வு மாணவர்:

உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் கண்டறிந்து ஏறத்தாழ ஐந்தாண்டு கழிந்து நலமாக இருந்த 547 பெண்களிடம் செல்சர்ச் முறையில் சோதித்தார்கள். ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் செல் இருந்தது. ஹார்மோனின் தூண்டுதலால் வளரும் ஹார்மோன் ஏற்பி வகை நோய் இருந்தவர்களில், செல் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே அம்மா, உண்மையான ஒரு செல் பொருளற்றது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் அக்காவின் தாளில் இருக்கும் புள்ளி அப்படி ஒரு செல் என்பதற்குத்தான் அந்தத் தாளில் சான்று இல்லை. அதனால்தான் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கவும் வேண்டாம், அதை நம்பி அழவும் வேண்டாம் என்கிறேன்.

பெரம்பூர் ஆசிரியை:

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவர் நேற்று நேரம் கொடுத்தார். தாளைப் பார்த்தார். அக்காவை நன்றாகப் பரிசோதித்தார். இடுப்பு வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த மாதம் எடுக்க வேண்டிய மேமோகிராமை இப்போதே எடுக்கச் சொன்னார். இன்று காலை வந்த முடிவில் புதிதாக எதுவும் இல்லை. இந்த ஒரு புள்ளிக்காக மாத்திரையை மாற்றவோ பெரிய ஸ்கேன் எடுக்கவோ தேவையில்லை, வழக்கமான வருகைகளைத் தவறவிடாதீர்கள் என்றார்.

அந்த ஆய்வகத்துக்கும் தொலைபேசியில் பேசினேன். நீலப் படம், வெள்ளணுப் படம் இரண்டையும் அனுப்புங்கள் என்று, நீங்கள் இங்கே எழுதியதை வைத்துக் கேட்டேன். இரண்டு முறை காத்திருக்க வைத்து, கடைசியில், அந்தத் தொகுப்பில் வெள்ளணுச் சாயம் சேர்க்கவில்லை என்று சொன்னார்கள். எந்த அடிப்படையில் "கண்டறியப்பட்டது" என்று அச்சிட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன், விட மாட்டேன்.

அக்கா நேற்று இரவு இரண்டு தோசை சாப்பிட்டார். தாள் இப்போது புடவைக்கு அடியில் இல்லை, மருத்துவக் கோப்பில் மேமோகிராமுக்குப் பின்னால் இருக்கிறது.

நானோ ஆய்வு மாணவர்:

நிம்மதியாக இருக்கிறது அம்மா. உங்களிடம் ஓர் உதவி. எங்கள் ஆய்வுக்கு ரத்தம் தருவோரிடம் கையெழுத்து வாங்கும் தமிழ் ஒப்புதல் படிவத்தை நான்தான் எழுதினேன். அதில் "இது ரத்தத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கண்டறியும் பரிசோதனை" என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த வரி எனக்கு உறுத்துகிறது. எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பெரம்பூர் ஆசிரியை:

தம்பி, இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் ரத்தத்தைக் கொண்டு நாங்கள் சோதிப்பது எங்கள் துகள்களை, உங்களை அன்று. இதில் கிடைக்கும் எண் எதையும் வைத்து உங்களுக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. எனவே அந்த எண்ணை உங்களிடம் தரமாட்டோம்."

செவிலியர்:

அதோடு ஒரு வரி சேருங்கள் தம்பி: "இரண்டு குழாய் ரத்தம் எடுக்கப்படும், முதல் குழாயில் பிடிக்கும் ரத்தம் இந்த ஆய்வுக்குப் பயன்படுத்தப்படாது." ஏன் இரண்டு என்று எல்லோரும் கேட்பார்கள்.

நானோ ஆய்வு மாணவர்:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை நெறிமுறைக் குழுவின் முன் வைக்கிறேன்.